பின்காலில் நிற்கக் கற்றல்: தெலெமார்க் சறுக்கலில் என் முதல் இரண்டு குளிர்காலங்கள்

ஒஸ்லோ நகரத்துக்கு மேலே, திரிவன் சறுக்குத் தளத்தின் மிகச் சாய்வு குறைந்த பிள்ளைகள் சரிவில், இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரிக் காலையில், வாழ்க்கையில் முதல் தடவையாகக் குதிகால் கட்டப்படாத ஸ்கீகளில், அதாவது பனியில் சறுக்கும் நீண்ட பலகைகளில், நின்றேன். ஒன்பது குளிர்காலங்கள், குதிகாலையும் பூட்டிச் சறுக்கும் அல்பின் முறையில் பழகியிருந்ததால், கால் தானாகவே பழைய வேலையைச் செய்தது: கணுக்காலை மடக்கி, சப்பாத்தின் முன்பக்கத்தில் முழுப் பாரத்தையும் சாய்த்தேன். அல்பின் ஸ்கீயாக இருந்திருந்தால் அது என்னைத் தாங்கியிருக்கும். இதில் இரண்டு குதிகால்களும் ஒருமிக்க மேலே எழும்ப, பாரத்தை வைக்க இடமில்லாமல் முகம் பனியில் பதிய விழுந்தேன். அதற்குள் பத்து மீற்றர்கூடப் போயிருக்கவில்லை.

அந்த விழுகையின் காரணத்தை விளங்கிக்கொண்டவர்களுக்குத் தெலெமார்க் சறுக்கலில் பாதி விளங்கிவிடும் என்று இப்போது நம்புகிறேன். அல்பின் முறையில் சப்பாத்தின் முன்னும் பின்னும் ஸ்கீயோடு இறுகப் பூட்டப்பட்டிருப்பதால், முன்னே சாய்ந்தால் ஸ்கீயின் முன்பாதியும் பின்னே சாய்ந்தால் அதன் வால்பாதியும் நம்மைத் தாங்கிக்கொள்கின்றன. தெலெமார்க்கில் விரல்ப்பக்கம் மட்டுமே பூட்டப்படுகிறது, குதிகால் எழும்பும். அதனால் முன்னே சாய்பவருக்கு ஸ்கீயின் முன்பாதியால் உதவி செய்ய முடிவதில்லை. இழந்துபோன அந்தத் தாங்கலை மீட்டெடுக்க ஒரே வழிதான் உண்டு: ஒரு காலை முன்னேயும் மற்றக் காலை பின்னேயும் வைத்து, நிற்கும் தளத்தையே நீளமாக்கிக்கொள்வது. படங்களில் அழகாகத் தெரியும் அந்த முழங்கால் மடக்கிய நிலை, விழாமல் நிற்பதற்கான தேவையிலிருந்து பிறந்தது.

அன்று எனக்குக் கற்பித்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. இரண்டு மணி நேரத்தில் அவர் சொன்ன சொற்களை எண்ணினால், அவற்றில் பாதி ஒரே சொல்லாக இருக்கும்: “பாக்-பூத்தன்”. நோர்வேஜிய மொழியில் பின்கால் என்று பொருள். ஒவ்வொரு திருப்பத்திலும், நான் சரியாகச் செய்ததாக நினைத்த திருப்பத்திலும்கூட, கீழேயிருந்து அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது. அப்போது அது எனக்குச் சலிப்பைத் தந்தது. அடுத்த வருடம் முழங்காலில் பட்டியுடன் வீட்டில் இருந்தபோதுதான், அவர் எனக்குச் சொன்னது நடையழகைப் பற்றி மட்டுமல்ல என்பது உறைத்தது. எந்தச் சப்பாத்தை வாங்குவது, எழும்பும் குதிகாலை ஸ்கீயின் பக்கம் இழுக்கும் சுருளை எவ்வளவு இறுக்குவது, எப்படி விழுந்தால் முழங்கால் தப்பும் என்ற கேள்விகள் எல்லாமே கடைசியில் பின்காலில் வந்து முடிகின்றன. இந்தப் பதிவையும் அந்த ஒரு விடயத்தைச் சுற்றியே எழுதுகிறேன்.

திருப்பம் எப்படி நிகழ்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கத்தில் இருக்கும் வலது கால் முன்னே போகிறது. உள்பக்க இடது கால் பின்னே வருகிறது, அதன் குதிகால் எழும்புகிறது, முழங்கால் மடிகிறது. இரண்டு ஸ்கீகளும் சேர்ந்து ஒரே நீண்ட வளைவாக வேலை செய்ய வேண்டும். அப்படிச் செய்ய வேண்டுமென்றால் பாரம் ஏறத்தாழச் சரிபாதியாக இரண்டு கால்களிலும் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் செய்கிற பிழை, நானும் ஒரு பருவம் முழுக்கச் செய்த பிழை, முன்காலில் முழுதாக நின்றுகொண்டு பின்காலை வெறுமனே பின்னால் இழுத்துக்கொண்டு போவதுதான். பார்ப்பவர்களுக்குத் தெலெமார்க் போலவே தெரியும். முழங்காலும் மடிந்திருக்கும். ஆனால் பின் ஸ்கீ பாரமில்லாமல் மிதந்துகொண்டிருப்பதால், ஒரு சிறிய பனிக்கட்டி பட்டாலும் தன் பாட்டில் வேறு திசைக்குப் போகும்.

பின்காலில் பாரம் வைப்பதென்றால் விரல் நுனியில் நிற்பதல்ல. விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, பாதம் அகன்று தடித்திருக்கும் பகுதியில், அதிலும் சின்னவிரல் பக்கமாக அழுத்தம் இருக்க வேண்டும். குதிகால் அளவுக்கு மீறி எழும்பக்கூடாது. கால்களுக்கிடையே உள்ள இடைவெளியும் பெரிதாக இருக்கக்கூடாது. முன்சப்பாத்தின் குதிகாலுக்கு அருகே பின்சப்பாத்தின் நுனி வந்தால் போதும். பழைய புகைப்படங்களில் காண்பதுபோல முழங்கால் ஸ்கீயைத் தொடும்வரை தாழ்ந்து இறங்குவது அனுபவமுள்ளவர்களின் விருப்பம். தொடக்கத்தில் அது பின்காலை இன்னும் தூரத்தில் விட்டு, பாரத்தை முன்காலுக்கே தள்ளிவிடும்.

அந்தப் பெண்மணி எனக்குக் காட்டித்தந்த பரிசோதனை ஒன்று உண்டு. திருப்பம் முடிந்ததும் நின்று, மேலே திரும்பி நம் தடத்தைப் பார்க்க வேண்டும். முன் ஸ்கீ ஒரு தெளிவான கோட்டை வெட்டியிருக்கும். பின் ஸ்கீயின் தடம் அதே ஆழத்தில், அதே கூர்மையோடு இருந்தால் பாரம் இரண்டு காலிலும் இருந்திருக்கிறது. மங்கலாக, துடைப்பத்தால் தேய்த்ததுபோல அகன்று கிடந்தால், அந்தக் காலை நாம் சும்மா இழுத்து வந்திருக்கிறோம். என் தடங்கள் அன்று முழுவதும் துடைப்பம் போட்டவையாகவே இருந்தன.

முதல் நாளிலேயே திருப்பங்களுக்கு ஓட வேண்டாம் என்பது என் ஆலோசனை. சமதரையில் ஸ்கீயோடு நடந்து, நடக்கும்போது ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரம் மாறுவதை உணருங்கள். பிறகு மென்சரிவில் நேராக இறங்கிக்கொண்டே, திரும்பாமல், கால்களை மாறிமாறி முன்பின்னாகச் சறுக்குங்கள். அதை வேகமாகச் செய்யாமல், நாலைந்து விநாடிக்கு ஒரு மாற்றம் என்று மிக மெதுவாகச் செய்வதுதான் கடினம், பயனும் அதில்தான். அடுத்து, ஸ்கீ நுனிகளைக் குவித்து வால்களை விரித்து இறங்கும் பிள்ளைகளின் நிலையில், உள்பக்கக் காலை மட்டும் மெல்லப் பின்னே வழுக்க விடுங்கள். உங்களை அறியாமலே ஒரு தெலெமார்க் திருப்பம் வந்திருக்கும். கால்மாற்றத்தைத் திருப்பத்தின் தொடக்கத்தில் ஒரே துள்ளலில் முடித்துவிடாமல், திருப்பம் முழுவதும் தொடர்ந்து நடக்கும் ஒரு மெதுவான அசைவாக வைத்திருக்கப் பழகினால், பின்கால் தானாகவே உடம்புக்குக் கீழே தங்கத் தொடங்கும். இடையிடையே அதே ஸ்கீயில் அல்பின் முறையில், கால்களை இணையாக வைத்து இறங்கிப் பார்ப்பதும் நல்லது. குதிகால் கட்டப்படாமல் அப்படி இறங்கத் தெரிந்தால், தடுமாறும் நேரத்தில் அந்த நிலைக்குத் திரும்பித் தப்பிக்கொள்ளலாம்.

முதல் வருடப் பெப்ரவரி விடுமுறையில் மகளையும் கூட்டிக்கொண்டு இ134 வீதியில் கொங்ஸ்பர்க், நூத்தொடன், செல்யூர் வழியாக மோர்கெடால் கிராமத்துக்குப் போனேன். தெலெமார்க் என்பது தெற்கு நோர்வேயின் ஒரு பிரதேசத்தின் பெயர். அதன் ஒரு சிறு பள்ளத்தாக்குக் கிராமம் மோர்கெடால். சூந்ரே நூர்ஹைம் 1825இல் அங்கே ஏழைக் குத்தகைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருடைய பெயரோடு இணைத்துப் பேசப்படும் எவர்பே என்ற மரவீடு இன்றும் சரிவில் நிற்கிறது. 1952ஆம் ஆண்டு ஒஸ்லோ குளிர்கால ஒலிம்பிக் போட்டியின் சுடர் அந்த வீட்டின் அடுப்பிலிருந்துதான் ஏற்றப்பட்டது. அவருடைய காலத்தில் பெரும்பாலான ஸ்கீகளில் விரலுக்கு மேல் ஒரு வார் மட்டுமே இருந்தது. குதித்தாலோ சட்டென்று திரும்பினாலோ கால் கழன்றுவிடும். நூர்ஹைம் வேர்களையும் இளங்கொடிகளையும் முறுக்கிக் கயிறாக்கி, குதிகாலைச் சுற்றிக் கட்டினார். நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் அகன்ற ஸ்கீகளையும் அவர் பயன்படுத்தினார். 1868இல், 42 வயதில், அப்போது கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட ஒஸ்லோவில் நடந்த போட்டியில் கலந்து வென்றபோது, தலைநகரத்து மக்கள் அந்தத் திருப்பத்தைப் பார்த்து வியந்தனர். 1884இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர், 1897இல் வட டகோட்டாவின் சமவெளியில் இறந்தார். மலையே இல்லாத நிலத்தில் அவர் கடைசி வருடங்களைக் கழித்தார் என்பதை அந்தச் சிறு வீட்டின் முன் நின்று நினைத்தபோது மனம் கனத்தது.

முறுக்கிய வேர் செய்த வேலையைக் கவனியுங்கள்: குதிகாலை எழும்ப விட்டது, ஆனால் எழும்பிய குதிகாலைத் திரும்பவும் ஸ்கீயின் பக்கம் இழுத்தது. இன்று என் பைண்டிங்கில், அதாவது சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் கருவியில், இருக்கும் உருக்குச் சுருள் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்த இழுவிசை இருப்பதால்தான் மடிந்த பின்காலின் வழியாக ஸ்கீயின் மேல் அழுத்தம் இறங்குகிறது. ஸ்கீப் பாய்ச்சல் போட்டிகளில் தரையிறங்கும்போது ஒரு காலை முன்னே வைத்து முழங்கால் மடக்கும் நிலைக்கு இன்றும் தெலெமார்க் என்றுதான் பெயர்; அப்படி இறங்காதவர்களுக்கு நடுவர்கள் புள்ளி குறைக்கிறார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மோர்கெடால் வீட்டின் முற்றத்துச் சரிவு எனக்கு நினைவு வரும்.

இனி உபகரணம். 1927இல் ப்ரூர் வித் என்ற நோர்வேஜியர் ஒரு பைண்டிங்கை உருவாக்கினார். அதன் பெயர் ரொத்தெஃபெல்லா, எலிப்பொறி என்று பொருள். விரல்ப்பக்கத்தில் வாத்தின் அலகுபோல நீண்ட அடிப்பாகம் கொண்ட சப்பாத்தை அது கவ்விப் பிடிக்கும். அந்த அலகின் அகலம் 75 மில்லிமீற்றர். அந்த அளவே பிறகு ஒரு பொதுமுறையாக நிலைத்தது. அல்பின் பைண்டிங்குகள் பரவியபின் மங்கிப்போன தெலெமார்க் திருப்பத்தை 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் கிரெஸ்டட் பியூட் மலையில் சிலர் மீட்டெடுத்தனர். 1992இல் இத்தாலியின் ஸ்கார்ப்பா நிறுவனம் பிளாஸ்டிக் தெலெமார்க் சப்பாத்தைக் கொண்டுவந்தது. 2007இல் ரொத்தெஃபெல்லா நிறுவனமே என்டிஎன் என்ற புதிய முறையை அறிமுகம் செய்தது. இதில் வாத்தலகு இல்லை, பாதத்தின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள ஒரு பற்றில் பைண்டிங் கவ்விக்கொள்கிறது. இன்று கடைக்குப் போகும் ஒருவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இந்த இரண்டு முறைகளில் எது என்பதுதான், ஏனென்றால் ஒன்றின் சப்பாத்து மற்றதன் பைண்டிங்கில் பொருந்தாது.

நான் முதலில் எடுத்தது 75 மில்லிமீற்றர் முறை. காரணம் விலை மட்டுமே. பாவித்த ஸ்கீ, பைண்டிங், சப்பாத்து எல்லாவற்றையும் ஒருவரிடமிருந்து 2,800 குரோனருக்கு வாங்கினேன். அந்த முறையில் கற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் இன்று புதிதாகத் தொடங்கும் நண்பர் என்னிடம் கேட்டால், இரண்டு நாள் வாடகைக்கு என்டிஎன் எடுத்துப் பார்த்துவிட்டு, கையில் காசு இருந்தால் அதையே வாங்குங்கள் என்று சொல்வேன். அதன் பற்று பக்கவாட்டில் உறுதியாக இருப்பதால் கெட்டிப்பனியில் விளிம்பு நன்றாகக் கடிக்கிறது. பெரும்பாலானவற்றில் தடுப்பான் இருப்பதால் கழன்ற ஸ்கீ தனியே சரிவில் ஓடாது. புதிய 75 மில்லிமீற்றர் சப்பாத்துகள் கடைகளில் குறைந்துகொண்டே வருவதும் இன்னொரு காரணம்.

எந்த முறையானாலும், காசின் பெரும்பகுதியைச் சப்பாத்தில் போடுங்கள். தெலெமார்க் சப்பாத்தை அல்பின் சப்பாத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் விரல் மூட்டுக்கு மேலே உள்ள மடிப்பு; ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல நாலைந்து வரிகளாக மடிந்து விரியும் பகுதி அது. பின்காலில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் துருத்தி மடிகிறது. அது உங்கள் பாதம் இயல்பாக மடியும் அதே இடத்தில் மடிய வேண்டும். சப்பாத்து பெரிதாக இருந்தால் துருத்தி விரல்களுக்கு மேலே வந்து மடிந்து நசுக்கும்; வலி வந்ததும் உடம்பு பின்காலிலிருந்து பாரத்தைத் தானாகவே எடுத்துவிடும். என் முதற்சப்பாத்து ஒரு அளவு பெரிது. நான் ஒரு வருடமாகப் பின்காலைத் தவிர்த்ததற்குப் பாதிக் காரணம் அந்தத் துருத்தி என் பெருவிரலின் நகத்துக்கு மேலே மடிந்ததுதான். கடையில் உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை நுழைத்து, விரல்கள் முன்னே தொட நின்றால், குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி இருப்பது பொருத்தமான அளவு. மெல்லிய காலுறை ஒன்று மட்டும் போட்டுப் பாருங்கள். பெருவிரல் மூட்டில் தேய்மானமோ விறைப்போ உள்ளவர்கள் இந்த மடிப்பு நாள் முழுவதும் அதே மூட்டை மடக்கும் என்பதை மனதில் வைத்து, முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பாவித்த சப்பாத்தை வாங்குபவர்கள் துருத்தியைக் கையால் மடக்கி, மடிப்பின் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் முதலில் கிழியும் இடம் அதுதான்.

ஸ்கீயைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. தெலெமார்க்குக்கென்று தனி ஸ்கீ தேவையில்லை. இப்போது பெரும்பாலானோர் அல்பின் அல்லது மலையேற்ற ஸ்கீகளிலேயே பைண்டிங்கைப் பொருத்துகிறார்கள். நடுப்பகுதி 85 முதல் 95 மில்லிமீற்றர் அகலம், நாடிக்கும் நெற்றிக்கும் இடைப்பட்ட நீளம், அதிகம் விறைப்பில்லாத ஒன்று என்றால் தொடக்கத்துக்குப் போதும். பொருத்துவதை மட்டும் தெலெமார்க் தெரிந்த கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். பைண்டிங்கின் சுருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விறைப்பான சுருள்கள் ஸ்கீக்கு உடனே அழுத்தம் கொடுப்பதால் வேகமாகச் சறுக்குபவர்கள் அவற்றை விரும்புவார்கள். புதியவருக்கு அவை கெட்ட துணை. பாரம் வைக்காமலே பின்கால் வேலை செய்வதுபோன்ற ஒரு மயக்கத்தைத் தந்துவிடும். மென்மையான சுருளில், இறுக்கம் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். தலைக்கவசம் கட்டாயம். முழங்காற்கவசமும் கிட்டத்தட்ட அப்படியே, ஏனென்றால் பனிக்கு ஒரு சாண் உயரத்தில் போகும் பின்முழங்கால் மறைந்திருக்கும் கல்லிலோ மரக்குற்றியிலோ அடிபடுவது அடிக்கடி நடக்கிறது.

காயம் பற்றி எழுதும்போது என் முழங்காலிலிருந்தே தொடங்குகிறேன். சென்ற வருடம் ஏப்ரலில், தெலெமார்க் பிரதேசத்திலேயே உள்ள ரவுலன் மலையில், பிற்பகல் மூன்றரை மணி. காலையில் கெட்டியாக இருந்த பனி வெயிலில் இளகி, மேலே ஒரு மெல்லிய பொருக்கும் கீழே ஈரமுமாக இருந்தது. கால்கள் களைத்திருந்தன. இன்னும் ஒரு தடவை மட்டும் என்று லிஃப்ட் ஏறினேன். பாதிச் சரிவில் ஒரு வலப்பக்கத் திருப்பத்தில், பாரமில்லாமல் பின்னால் வந்துகொண்டிருந்த வலது ஸ்கீயின் நுனி பொருக்குக்கு அடியில் புகுந்து நின்றுவிட்டது. உடம்பு தொடர்ந்து போனது. பைண்டிங் கழரவில்லை. முழங்கால் உள்பக்கமாக முறுகியதை ஒரு சத்தமில்லாத கிழிவாக உணர்ந்தேன். உட்பக்க மூட்டு நார் பகுதியாகக் கிழிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை, ஆனால் ஏழு கிழமை பட்டி, அதற்குப் பிறகு நான்கு மாதப் பயிற்சி.

குதிகால் கட்டப்படாததால் தெலெமார்க் முழங்காலுக்குப் பாதுகாப்பானது என்று நண்பர்கள் பலர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அது பாதி உண்மை, பாதி ஆபத்தான நம்பிக்கை. நேராக முன்னே விழும்போது குதிகால் எழும்பிச் சப்பாத்தும் மடிவதால் கீழ்க்காலில் நெம்புவிசை குறைகிறது, அது உண்மை. ஆனால் முழங்காலைக் கெடுப்பவை முறுகும் விழுகைகள். அல்பின் பைண்டிங்கில் சறுக்குபவரின் எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், திறமை ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்ட ஒரு விசையில் சப்பாத்து கழரும்படி அமைக்கிறார்கள்; அதற்கு சர்வதேசத் தரம் இருக்கிறது. தெலெமார்க் பைண்டிங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிச் சான்றளிக்கப்பட்ட கழற்சி கிடையாது. 75 மில்லிமீற்றர் பைண்டிங்குகள் பெரும்பாலும் கழரவே கழராது. என்டிஎன் பைண்டிங்குகள் சிலவற்றில் கழரும் வசதி இருக்கிறது, அது இல்லாததைவிட நிச்சயம் மேல், ஆனால் அல்பின் பைண்டிங்கின் உத்தரவாதத்தோடு அதை ஒப்பிடக்கூடாது. ஒரு மீற்றருக்கு மேல் நீளமான நெம்புகோல் ஒன்று காலோடு பூட்டப்பட்டு, விடுபடாமல் நம்மோடு உருண்டு வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும்.

என் விபத்தில் பைண்டிங் கழராதது ஒரு காரணம்; ஆனால் நேர்மையாகப் பார்த்தால் அது கடைசிக் காரணம். பின் ஸ்கீயில் பாரம் இருந்திருந்தால் அதன் நுனி அப்படித் திரிந்து பொருக்குக்குள் போயிருக்காது. சுருளை நான் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தேன், பின்கால் பலவீனத்தை மறைப்பதற்காக. சப்பாத்து பெரிதாக இருந்தது. களைத்த தொடைகளோடு, மாறிவிட்ட பனியில் போனேன். இவற்றில் எது இல்லாமல் இருந்திருந்தாலும் அன்று மாலை நடந்தே காருக்குப் போயிருப்பேன்.

முழங்காலுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது கைப்பெருவிரல். ஊன்றுகோலைப் பிடித்தபடியே கையூன்றி விழும்போது, கைப்பெருவிரல் வெளியே வளைந்து அதன் அடிமூட்டு நார் கிழிவது எல்லாச் சறுக்கலிலும் நடக்கும். தெலெமார்க்கில் முன்னே விழுவது அதிகம் என்பதால் இங்கே இன்னும் கவனம் வேண்டும். விழும்போது கோலை விட்டுவிடப் பழகுங்கள். கணுக்காலைப் பொறுத்தவரை, பழைய தோற்சப்பாத்துகளைவிட உயரமான பிளாஸ்டிக் சப்பாத்து நல்ல காவல்.

பருவத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பயிற்சி தொடங்குவது இப்போது எனக்குச் சட்டம்போல. என் பிசியோதெரபிஸ்ட் தந்தவற்றில் மிகப் பயன்பட்டது, பின்காலை ஒரு நாற்காலியில் வைத்து முன்காலில் குந்துவதல்ல, அதன் மறுதலை: முன்பின்னாகக் கால் வைத்து, பின்குதிகாலை எழுப்பி, பாரத்தைப் பாதியாகப் பின்காலுக்குக் கொடுத்து, மெதுவாக மூன்று எண்ணிக் கீழே இறங்கி, அங்கேயே பத்து விநாடி நிற்பது. தொடையின் முன்பக்கமும் பாதத்தின் அடியும் சேர்ந்து எரியும். அந்த எரிவுதான் சரிவில் மூன்று மணிக்கு வரும் எரிவு. அதோடு படிகளில் மெதுவாக இறங்குதலும், கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்றலும் செய்கிறேன்.

தெலெமார்க் கற்பவர்களில் பலருக்கு லிஃப்ட் இல்லாத மலையே கடைசி ஆசையாக இருக்கும். ஸ்கீயின் அடியில் பிடிப்புத் தோலை ஒட்டிக்கொண்டு, குதிகாலை எழுப்பி எழுப்பி ஏறி, அதே ஸ்கீயில் இறங்குவதற்கு இது பிறந்ததே. அங்கே கழராத பைண்டிங்குக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. பனிச்சரிவில் அகப்பட்டவரின் ஸ்கீ கழராவிட்டால் அது நங்கூரம்போல அவரை அடியில் இழுக்கும். 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் பனி சரிகிறது என்பதால், புதியவர்கள் அந்தச் சாய்வுக்குக் கீழேயே, மேலே தொங்கும் சரிவுகளையும் தவிர்த்து, வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நோர்வேயில் வர்சோம் என்ற இணையத்தளத்தில் குளிர்காலத்தில் தினமும் பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியாகிறது. அதைப் பார்க்காமல் நான் புறப்படுவதில்லை. நோர்வேஜியர்களின் மலை விதிகள் ஒன்பதில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. ரவுலனில் அந்தக் கடைசி லிஃப்டில் ஏறியபோது அந்த விதி எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் சரியான அளவில் சப்பாத்தும் கழரும் வசதியுள்ள ஓர் என்டிஎன் பைண்டிங்கும் வாங்கினேன். சுருளைக் கடைக்காரர் வைத்த இறுக்கத்திலிருந்து இன்னும் இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். ஜனவரி மூன்றாம் கிழமை, மகளோடு திரும்பவும் திரிவனுக்குப் போனேன். மாலை ஆறு மணி, சரிவு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, பகல் முழுவதும் பெய்த புதுப்பனி கணுக்கால் உயரம் இருந்தது. அதே பிள்ளைகள் சரிவில், மிக மெதுவாக, பன்னிரண்டு திருப்பங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் துருத்தி விரல் மூட்டில் மடிவதையும், சின்னவிரல் பக்கம் பனி அழுந்துவதையும் உணர முடிந்தது. கீழே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் இறங்கி வந்த மகள் என் தடத்தின் பக்கத்தில் நின்று, கோலை எடுத்து முதலில் ஒரு கோட்டிலும் பிறகு மற்றக் கோட்டிலும் குத்தி அளந்தாள்.

“அப்பா, ரெண்டும் ஒரே ஆழம்” என்றாள்.